கரையாத கம்பி

செக்கிங்காரர் வீட்டில் எண்ணெய் பாட்டிலில் பென்சில் கோடு இருக்கும். குளியல் சோப்பின் முதுகில் நகத்தால் கீறிய ஒரு பிறை இருக்கும். கேஸ் சிலிண்டர் வந்தால், கொண்டுவந்த ஆள் படி இறங்குவதற்குள் அதைத் தூக்கிப் பார்த்து ஒரு 'ம்' போடுவார். இப்போதைக்கு விடுகிறேன், அதற்காக நம்பிவிட்டேன் என்று நினைக்காதே என்பது அந்த 'ம்'முக்கு அர்த்தம். வீட்டில் இருப்பதோ அவரும் அவர் மனைவியும் மட்டும்தான். எண்ணெயை யார் எடுத்துக் குடித்துவிடப் போகிறார்கள் என்று கேட்டால், "யாரும் குடிக்கலைன்னு தெரிஞ்சுக்கத்தான் கோடு" என்பார். அதற்கு மேல் அவரிடம் பேசி ஜெயித்தவர் கிடையாது.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. இயந்திர உதிரி பாகங்கள் வைக்கிற ஒரு பெரிய கோடவுனின் வாசலில், வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை, வெளியே போகிறவர்களின் பையைத் துழாவிக்கொண்டிருந்தவர் அவர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற உத்தியோகம். டிபன் கேரியரின் அடித்தட்டில் பேரிங்கை ஒளித்து எடுத்துப்போன ஒருவனை, கேரியரை அவன் பிடித்திருந்த விதத்தை வைத்தே பிடித்திருக்கிறார். சாப்பிட்டு முடித்த கேரியர் அப்படிக் கனக்காது என்று அதை எல்லோரிடமும் சொல்வார். அடுத்த வீட்டில் இருக்கிற நானும் பல தடவை கேட்டாயிற்று. அவர் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. மொத்த சர்வீஸில் அவர் கையும் களவுமாகப் பிடித்தவர்கள் ஒரு கைவிரலுக்குள் அடங்குவார்கள். சந்தேகப்பட்டதோ, முதலாளி தவிர எல்லோரையும்.

அந்தக் கோடவுனில் ஒரு வழக்கம் இருந்தது. புதுச் சாமானை எடுத்துக்கொண்டு, அதே போல் ஒரு தேய்ந்த சாமானை அந்த இடத்தில் வைத்துவிடுவது அங்கே நடக்கிற திருட்டு. பெயிண்டால் அடையாளம் போட்டால் துடைத்துவிடுவார்கள். அதனால் செக்கிங் ஆட்கள் நிறமில்லாத ஒரு வார்னிஷால் அடையாளம் போடுவார்கள். எண்ணெய்க்கும் சூட்டுக்கும் அசையாத சரக்கு அது. நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்து அடித்தால் மட்டும் மினுங்கும். ஆளுக்கு ஒரு அடையாளம். நம்மவருடையது ஒரு பிறை, அதன் வயிற்றில் ஒரு புள்ளி. பிடிபட்டவனிடம் எப்படிப் பிடித்தோம் என்று கடைசி வரை சொல்லக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். சொன்னால் அடுத்தவன் உஷாராகிவிடுவான். ஓய்வு பெற்றபோது மிச்சமிருந்த வார்னிஷ் டப்பாவை வீட்டுக்கு எடுத்துவந்தார் செக்கிங்காரர். அதற்கும் கேட் பாஸ் எழுதி வாங்கிக்கொண்டுதான் வாசலைத் தாண்டினார்.

அவர் மனைவி தையல்காரம்மா. முன்னறையில் ஜன்னலை ஒட்டி மெஷின் போட்டு, தெருவுக்கே தைத்துக் கொடுக்கிறவர். சில வருஷங்களாக அந்த அம்மாவுக்கு விரல் மூட்டுகளில் வாதம். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது, மடங்கினால் நிமிராது. ஒரு பேசினில் வெந்நீரைப் பிடித்து, இரண்டு கையையும் அதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் மெல்ல மெல்ல விரல்கள் வழிக்கு வரும். அப்புறம்தான் ஊசியில் நூல் கோக்க முடியும். அதனால் அந்த வீட்டில் வாட்டர் ஹீட்டர் சொகுசுக்கு வாங்கினது இல்லை. அது ஓடினால்தான் தையல் மெஷின் ஓடும்.

ஹீட்டரை வாங்கி மாட்டிக் கொடுத்தது அந்த அம்மாவின் தம்பி. ரெண்டு தெரு தள்ளி ஒரு சின்னப் பட்டறை வைத்து ஹீட்டர், மிக்ஸி, வாஷிங் மெஷின் எல்லாம் பழுது பார்க்கிறவன். பெற்றவள் சீக்கிரம் இறந்துவிட்டதால் அக்காதான் அவனைத் தூக்கி வளர்த்தது. அவன் கல்யாணச் சட்டையைக்கூட அந்த அம்மாதான் தைத்தது. அக்கா வீட்டு மாற்றுச் சாவி ஒன்று எப்போதும் அவனிடம் இருக்கும். அக்கா துணி கொடுக்க வெளியே போயிருந்தாலும், அவன் பாட்டுக்கு உள்ளே வந்து, இருப்பதைச் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவான். செக்கிங்காரருக்கு இது தொண்டையில் சிக்கிய முள். ஆனாலும் பெண்டாட்டி விஷயம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தார்.

வருஷத்துக்கு ஒரு தடவை தம்பி ஹீட்டரைச் சுத்தம் செய்ய வருவான். மெயினை நிறுத்தி, தண்ணீரை வடித்து, அடித்தட்டைக் கழற்றுவான். உள்ளேயிருந்து முட்டை ஓடு மாதிரி வெள்ளைச் செதில்கள் கொட்டும். "எல்லாம் தண்ணியில இருக்கற உப்பு மாமா. இது சூடு பண்ற காயில் மேல படிஞ்சா கரண்டும் இழுக்கும், காயிலும் போயிடும்" என்று சுரண்டுவான். சூட்டைக் குறைத்து வைக்கச் சொல்வான். "கொதிக்கக் கொதிக்க வெச்சுட்டு அப்புறம் பச்சைத் தண்ணி எதுக்கு ஊத்தறீங்க? அளவா வெச்சா உப்பும் கம்மியாப் படியும், டேங்க்கும் ரொம்ப நாள் வரும்." பிரஷர் வால்வின் நாக்கைத் தூக்கி, தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பார்ப்பான். செக்கிங்காரர் குளியலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று எல்லாவற்றையும் பார்ப்பார். இத்தனை உப்பு இந்தத் தண்ணீரிலா இருந்தது, இவனே பாக்கெட்டில் கொண்டுவந்து கொட்டினானா என்று ஒரு யோசனை ஓடும். ஒரு தடவை அவன் கை கழுவப் போன நேரத்தில், சட்டைப் பையை மோந்துகூடப் பார்த்தார்.

அப்படி ஒரு வருஷம் அடித்தட்டைக் கழற்றினபோதுதான் அந்தக் கம்பி அவர் கண்ணில் பட்டது.

காயிலுக்குப் பக்கத்தில் மெக்னீசியத்தில் ஒரு கம்பி நிற்கும். மாட்டினபோது அது கட்டைவிரல் கனம் இருந்ததை அவர் பார்த்திருக்கிறார். அவர் எதையும் பார்க்காமல் விட்டதில்லை. இப்போது வெளியே வந்தது, நாய் கடித்துத் துப்பின குச்சி மாதிரி, அங்கங்கே குழி விழுந்து, நடுவில் நூலாக இருந்தது.

"மீதி எங்க?" என்றார்.

"கரைஞ்சுடுச்சு மாமா. இது கரையறதுக்குன்னே வெச்சிருக்கறது. தண்ணி டேங்க்கைத் திங்க வரும். இது முன்னாடி போய் நின்னு, அவனை விடு, என்னைத் தின்னுன்னு சொல்லும். இது முழுசாத் தீர்றதுக்குள்ள வேற மாத்திட்டோம்னா டேங்க்குக்கு ஒண்ணும் ஆகாது."

செக்கிங்காரர் ஒரு 'ம்' போட்டார். இரும்பு மலையாகக் குவிந்து கிடந்த இடத்தில் தலைமுடி நரைத்தவர் அவர். உலோகம் சர்க்கரை மாதிரி கரைந்தது என்று அவரிடம் யாரும் காதில் பூ சுற்றினதில்லை. நல்ல கம்பியை இவன் இடையில் எப்போதோ கழற்றி வேறு வீட்டில் மாட்டிவிட்டு, அந்த வீட்டுப் பழசை இங்கே வைத்திருக்கிறான். எப்போது? அதான் சாவி இருக்கிறதே. அவர் மனசுக்குள் அத்தனையும் ஒன்றோடு ஒன்று கச்சிதமாகப் பொருந்தியது. அப்படிப் பொருந்துகிறபோது அவருக்கு வருகிற சந்தோஷத்தை, நல்ல சாப்பாடு சாப்பிடுகிறபோதுகூட நான் அவர் முகத்தில் பார்த்ததில்லை.

புதுக் கம்பியைத் தம்பி கொண்டுவந்திருந்தான். ஆனால் அடித்தட்டுக்குப் போடுகிற ரப்பர் வளையம் கிழிந்திருந்தது. "நாளைக்கு வாங்கிட்டு வந்து மாட்டிடறேன் மாமா" என்று சாமான்களை அங்கேயே வைத்துவிட்டுப் போனான். மத்தியானம் மனைவி துணி கொடுக்கக் கிளம்பியதும், செக்கிங்காரர் பரண் மேல் இருந்த வார்னிஷ் டப்பாவை இறக்கினார்.

முதலில் ஒரு பிறையும் புள்ளியும் மட்டும்தான் போட்டார். போட்டுவிட்டு யோசித்தார். பிறை இருக்கிற பக்கத்தை விட்டுவிட்டு மற்ற பாதியை அறுத்து எடுத்துவிட்டால்? கெட்டிக்காரன், செய்வான். அதனால் முழுக் கம்பிக்கும் பூசினார். அறுத்தால் பூச்சு விட்டுப்போய்க் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு கை பூசினது திருப்தியாக இல்லை. காயவிட்டு இன்னொரு கை, அதற்கு மேல் இன்னொன்று. மரையைக்கூட விடவில்லை. கடைசியாக மேலே மறுபடி ஒரு பிறை, ஒரு புள்ளி. நூலில் கட்டிக் குளியலறை ஜன்னல் கொக்கியில் தொங்கவிட்டார். காற்றில் அது மெல்ல ஆடிக் காய்ந்தது. ஒரு கலைஞன் தன் வேலையைப் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் தம்பி அதை எடுத்து மாட்டினான். "புது ராடு நல்லா வழவழன்னு இருக்கு மாமா, இப்பல்லாம் ஃபினிஷிங் நல்லாப் பண்றாங்க" என்றான். செக்கிங்காரர் இருமிக்கொண்டார்.

அடுத்த வருஷம் வந்தது. அடித்தட்டைக் கழற்றும்போது செக்கிங்காரர் வாசலில் நிற்கவில்லை, உள்ளேயே நின்றார். கம்பி வெளியே வந்தது. மேலே கொஞ்சம் உப்பு ஒட்டியிருந்ததே தவிர, வைத்தது வைத்தபடி, கட்டைவிரல் கனத்தில் அப்படியே இருந்தது. அதை வாங்கித் துடைத்து, ஜன்னல் பக்கம் திரும்பி, டார்ச்சைச் சாய்த்து அடித்தார். பிறை. புள்ளி. அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"இந்தத் தடவை மட்டும் ஏன் கரையலை?" என்றார், மெதுவாக.

தம்பி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "தெரியலையே மாமா. இந்தத் தண்ணிக்கு இது பாதியாவது போயிருக்கணுமே."

"போகாது. ஏன்னா இந்தத் தடவை உன்னால மாத்த முடியலை. எப்படின்னு சொல்ல மாட்டேன். ஆனா முடியலை."

அவனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் முகத்தில் ஈயாடவில்லை. செக்கிங்காரர் அதற்குள் முன்னறைக்குப் போய், முந்தின வருஷத்துக் குச்சியையும் இந்த வருஷத்துக் கம்பியையும் மனைவியின் மெஷின் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பழசை ஒரு துணியில் சுற்றிப் பத்திரப்படுத்தியிருந்தார். சாட்சிப் பொருளை யாராவது தூக்கி எறிவார்களா?

"ரெண்டும் ஒரே சாமான், ஒரே தண்ணி, ஒரே ஹீட்டர். நீயே பாரு" என்றார்.

அந்த அம்மா ரெண்டையும் ரெண்டு கையில் எடுத்துப் பார்த்தாள். கனத்தைப் பார்த்தாள். குளியலறை வாசலில் வந்து நின்ற தம்பி, "அக்கா, ராடு கரையலைன்னா டேங்க் கரையுதுன்னு அர்த்தம். ஏன்னு எனக்குப் புரியலை. ஹீட்டரை ரெண்டு நாள் பட்டறையில விடுங்க, பார்த்துடறேன்" என்றான்.

"பட்டறைக்குப் போனா எது திரும்பி வரும்னு யாருக்குத் தெரியும்? இதையே மாட்டிட்டுக் கிளம்பு" என்றார் செக்கிங்காரர்.

அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா கத்தரிக்கோலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கம்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போய், மாட்டி, தண்ணீர் நிரப்பி, ஒழுகுகிறதா என்று தடவிப் பார்த்து, தரையையும் துடைத்துவிட்டுப் போனான். அதற்கப்புறம் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. மாமாவுக்குப் பயந்து அக்கா பேசாமல் இருந்துவிட்டாள் என்றுதான் அவன் தன் மனசைத் தேற்றிக்கொண்டான்.

சில நாள் கழித்து அந்த அம்மா தம்பிக்கு ஃபோன் செய்வதைச் செக்கிங்காரர் கேட்டார். "தம்பி, எங்க சாவியில ஒண்ணு தொலைஞ்சு போச்சு. உன்கிட்ட இருக்கறதைக் குடுத்தனுப்பேன்." சாவி எதுவும் தொலையவில்லை என்று செக்கிங்காரருக்குத் தெரியும். ரெண்டும் ஆணியில்தான் தொங்கின. அன்றைக்கே யாரோ ஒரு வாடிக்கையாளர் கையில் மூன்றாவது சாவி வந்து சேர்ந்தது. அந்த அம்மா அதைப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். ஒரு வழியாக இவளுக்கும் கண் திறந்தது என்று அவருக்கு நிம்மதி. அன்று முழுக்க அந்த அம்மா மெஷினில் உட்காரவில்லை. அதை மட்டும் அவர் கவனிக்கவில்லை.

முதலில் தண்ணீர் நிறம் மாறியது. காலையில் பேசினில் பிடித்த வெந்நீர் டீத்தண்ணீர் மாதிரி வந்தது. "போற போக்குல ஏதோ பண்ணிட்டுப் போயிருக்கான்" என்றார் செக்கிங்காரர். மனைவி அந்தத் தண்ணீரிலேயே கையை வைத்துக்கொண்டாள். அப்புறம் ஹீட்டருக்குக் கீழே ஒரு சொட்டு. சொட்டுக்கு ஒரு கிண்ணம். கிண்ணத்துக்குப் பதில் ஒரு வாளி. பிறகு ஒரு காலையில், குளியலறைச் சுவர் நெடுக ஈரம் இறங்கி, மெயின் ஸ்விட்ச் தானாக விழுந்து கிடந்தது.

அந்த அம்மா அடுப்பில் பாத்திரம் வைத்துத் தண்ணீர் சுடவைக்க ஆரம்பித்தாள். மடங்காத விரலால் கொதிக்கிற பாத்திரத்தைத் தூக்க முடியவில்லை. செக்கிங்காரர் தூக்கி ஊற்றிக் கொடுத்தார். பேசின் தண்ணீர் சீக்கிரம் ஆறிவிடும். மறுபடி சுடவைக்க வேண்டும். ஒரு நாள் மெஷினில் ஊசி, துணியை விட்டு விலகி அவள் விரலிலேயே இறங்கியது. அவள் விரலை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். தம்பி சைக்கிளில் வருகிற பக்கம்.

மெயின் ரோட்டிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். தடித்த கண்ணாடி போட்ட ஆள், அதிகம் பேசாதவர். ஹீட்டரை இறக்கி, அடித்தட்டைக் கழற்றி, உள்ளே விளக்கை விட்டுப் பார்த்தார். "டேங்க் போயிடுச்சு, சல்லடையா இருக்கு" என்றார். அப்புறம் கம்பியை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினார். "இது என்ன தலைகீழா இருக்கு? ராடு போய் டேங்க் நிக்கணும். இங்க டேங்க் போய் ராடு நிக்குது. மேல ஏதாச்சும் பூசியிருந்தாங்களா சார்?"

செக்கிங்காரருக்கு வார்னிஷ் டப்பா ஞாபகம் வந்தது. ஆனால் பழக்கம் விடுமா? மைத்துனனும் இந்த ஆளும் கூட்டுக் களவாணிகளோ என்றுதான் முதலில் தோன்றியது. ஒரே தொழில், ஒரே கடையில் சாமான் வாங்குகிறவர்கள், பேசி வைத்துக்கொண்டிருக்கலாம். "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லையே" என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

ஆள் போனதும் கம்பியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். மனைவி முன்னறையில் இருந்தாள். கத்தியால் கம்பியின் ஒரு முனையைச் சுரண்டினார். கண்ணாடித் தாள் மாதிரி ஒரு தோல் சுருண்டு வந்தது. அடியில் உலோகம் புதுசாக வெளுத்தது. யார் சொன்னாலும் நம்பாத மனுஷன், தானே சோதித்துப் பார்த்தால்தான் ஆயிற்று. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து ஒரு தம்ளரில் விட்டார். சுரண்டாத முனையை அதில் வைத்தார். ஒன்றுமே நடக்கவில்லை. திருப்பி, சுரண்டின முனையை வைத்தார். சுர்ரென்று நுரைத்தது. குட்டிக் குட்டிக் குமிழிகள் பொங்கிப் பொங்கி வந்தன. கரைகிறது. உலோகம் கரைகிறது. மைத்துனன் சொன்னது அப்படியே நடக்கிறது. அவர் மறுபடி அந்த முனை, மறுபடி இந்த முனை என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். தம்ளர் பொய் சொல்கிறது என்று நினைக்க ஒரு வழியும் கிடைக்கவில்லை.

வாசலில் நிற்கிற காவல்காரனை மூன்று போர்வை போர்த்தி மூடிவிட்டு, திருடன் வரவில்லை என்று தான் டார்ச் அடித்துச் சந்தோஷப்பட்டது அவருக்குப் புரிந்தது. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. கம்பியைச் செய்தித்தாளில் சுற்றி, பையில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டினார்.

பட்டறையில் தம்பி ஒரு மிக்ஸியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். மாமாவைக் கண்டதும் எழுந்தான். உட்காரச் சொல்லவில்லை. செக்கிங்காரர் செய்தித்தாளைப் பிரித்தார். சுரண்டின முனையைத்தான் அவன் முதலில் பார்த்தான். நகத்தால் உரித்தான். இன்னும் கொஞ்சம் உரித்தான். அவன் கழுத்து நரம்பு புடைத்தது.

"கடைக்காரன் வேலை மாமா இது" என்றான். "எவனோ போலிச் சரக்கு, மேல கோட்டிங் குடுத்து வித்திருக்கான். நானும் வழவழன்னு இருக்குன்னு சொல்லிக்கிட்டே மாட்டினேன் பாருங்க. என் தப்புதான். நீங்க சந்தேகப்பட்டதுல ஒண்ணும் தப்பில்ல. டேங்க் போயிருக்குமே?"

"போயிடுச்சு."

"இப்பவே போய் அவன் சட்டையைப் பிடிக்கிறேன்" என்று கை துடைக்கத் துணி தேடினான்.

செக்கிங்காரர் நின்ற இடத்திலேயே நின்றார். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பழி முன்பின் தெரியாத ஒரு கடைக்காரன் தலையில் போய் உட்காரும். மைத்துனன் நாளைக்கே வீட்டுக்கு வருவான். மனைவி சிரிப்பாள். யாருக்கும் எதுவும் தெரியாது. எழுதாத சட்டமும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் செய்யாத குற்றத்தை 'என் தப்புதான்' என்று இவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொண்ட ஒருவனை அவர் தன் வாசலில் ஒரு நாளும் பார்த்ததில்லை. அது அவரை அசைத்துவிட்டது.

"கடைக்காரன் இல்லப்பா. நான்தான் பூசினேன்."

தம்பி துணியோடு திரும்பினான். அவரை மேலும் கீழும் பார்த்தான். அந்தப் பார்வை செக்கிங்காரருக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. அவருடையதே.

"அக்கா சொல்லி அனுப்பிச்சாளா?" என்றான். "என்னைச் சமாதானப்படுத்தி, புது ஹீட்டர் மாட்ட வெச்சுட்டு, அப்புறம் மறுபடி திருடன்னு சொல்லவா? மாமா, உங்க வாய்லருந்து 'நான்தான்'னு ஒரு வார்த்தை இதுவரைக்கும் வந்ததில்ல. நான் எப்படி நம்பறது?"

வாழ்க்கை முழுக்க மற்றவர்கள் சொன்ன நிஜத்தை நம்பாமல் 'ம்' போட்டவருக்கு, முதல் தடவையாகத் தன் நிஜத்தோடு ஒருவன் எதிரில் நிற்கவேண்டி வந்தது. சத்தியம் செய்தால் சிரிப்பான். கெஞ்சினால் சந்தேகம் இன்னும் கூடும். அவருக்கே அது தெரியும். யாரையாவது நம்ப வைக்க அவரிடம் இருந்தது ஒரே ஒரு வழி.

"டார்ச் இருக்கா?" என்றார். "மரைப் பக்கத்துக்குக் கீழ பாரு. நேரா அடிக்காத. சாய்ச்சு அடி."

அவன் சாய்த்து அடித்தான். பிறை மினுங்கியது. அதன் வயிற்றில் புள்ளி. அக்கா வீட்டு சோப்பில் அவன் தினம் பார்த்த பிறை. டார்ச்சை அணைக்காமல் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். திருடனைப் பிடிக்கப் போட்ட அடையாளம், போட்டவரைப் பிடித்துக் கொடுத்துவிட்டது.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப வாங்க, போய்ச் சொல்லுங்க. நானும் வரேன். நீங்க சொன்னீங்களான்னு எனக்குத் தெரியணும்."

தெருவில் செக்கிங்காரர் முன்னால் நடந்தார். தம்பி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தான். கோடவுனில் பிடிபட்டவர்களை ஆபீஸ் அறைக்குக் கூட்டிப்போகிறபோது இப்படித்தான், அவர்கள் முன்னால், இவர் பின்னால். அவர்கள் எல்லோரும் ஏன் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள் என்று இப்போது தெரிந்தது.

அந்த அம்மா பேசினில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாசலில் தம்பியைக் கண்டதும் எழப் பார்த்தாள், அப்புறம் எழாமல் தலையைக் குனிந்துகொண்டாள். செக்கிங்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொல்லிவிட்டார். வார்னிஷ், மூன்று கை, பிறை, எலுமிச்சம்பழம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில். "அவன் ஒண்ணும் பண்ணலை. நான்தான் ஹீட்டரைக் கெடுத்தேன். உன் கைக்கு இந்தக் கஷ்டமும் என்னாலதான்" என்று முடித்தார்.

திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் தேவலை என்று இருந்தது. ஆனால் அவள் அவர் பக்கமே திரும்பவில்லை. தண்ணீரிலிருந்து கையை எடுத்து, முந்தானையில் துடைத்துக்கொண்டு, உள்ளே போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. புடவைகளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, மடங்காத விரல்களுக்கு நடுவே பிடித்திருந்த சாவியைத் தம்பியிடம் நீட்டினாள்.

"சாவி தொலையலைடா தம்பி" என்றாள்.

அவனுக்கு அந்தக் கணத்தில்தான் விளங்கியது. மாமா சந்தேகப்பட்டது அவனுக்குப் புதுசில்லை, அவர் யாரைத்தான் விட்டார்? ஆனால் அன்றைக்கு அக்கா கத்தரிக்கோலைப் பார்த்துக்கொண்டிருந்தது பயத்தால் இல்லை. அவன் கண் கலங்கியதைச் செக்கிங்காரர் பார்த்தார். இதற்கு முன்னால் ஹீட்டர் போனது ஒரு நஷ்டமே இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

"ரெண்டு கையிலயும் தூக்கிப் பார்த்தேனே" என்றாள் அந்த அம்மா. "நானும் நம்பிட்டேனேடா."

சாவி அவள் கையிலேயே இருந்தது. தம்பி அதை உடனே வாங்கவில்லை. குனிந்து, பேசின் தண்ணீரில் ஒரு விரலை விட்டுப் பார்த்தான்.

"ஆறிப் போச்சு அக்கா" என்றான். "உட்காரு. நான் சுடவெச்சுக் கொண்டாரேன்."

சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பேசினைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனான்.